இதழியல் கற்பிப்போருக்கு, இதழாசிரியர் மேசையிலிருந்து

இதழியல் துறைத் தலைவர்களுக்கும் பாடத்திட்டக் குழுவில் இருப்பவர்களுக்கும் வணக்கம்.

உங்களிடம் படித்து முடித்தவர்கள் வார, மாத இதழ்களில் எழுத வாய்ப்புக் கேட்டு எங்களுக்கு மின்னஞ்சல் அனுப்புகிறார்கள். பலருக்கு நடை நன்றாகவே வருகிறது. ஆனாலும் பெரும்பாலான கடிதங்கள் முதல் பத்தியைத் தாண்டுவதில்லை. எழுதுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலையையும், எழுதி முடித்த பிறகு செய்ய வேண்டிய வேலையையும் அவர்களுக்கு யாரும் பழக்கவில்லை என்பது கடிதத்தைப் பார்த்தாலே தெரிகிறது. நடுவில் இருக்கும் எழுத்தைத்தான் பருவத்துக்குப் பருவம் கற்பிக்கிறீர்கள். அதில் குறை சொல்ல எங்களுக்கு அதிகம் இல்லை. மற்ற இரண்டையும் பாடத்திட்டத்துக்குள் கொண்டுவாருங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

முதலில் காலக்கணக்கு. செய்தித்தாளுக்கு நாளை என்பதே நீண்ட காலம். மாத இதழ் ஒன்று கடைக்கு வருவதற்கு மூன்று, நான்கு மாதம் முன்பே அதில் என்னென்ன வரும் என்ற பேச்சு தொடங்கிவிடும். ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் நாள். அதையொட்டிய ஸ்டோரி ஐடியா மே கடைசி வாரத்தில் வந்து சேர்கிறது. அப்போது ஜூன் இதழ் அச்சாகி முடிந்திருக்கும், ஜூலை இதழ் லே-அவுட்டில் இருக்கும். பிப்ரவரியில் வந்திருந்தால் அதே ஐடியாவைப் பேசியிருக்கலாம். வார இதழில் இந்த இடைவெளி சில வாரமாகச் சுருங்கும், அவ்வளவுதான்.

அடுத்தது இடக்கணக்கு. அச்சு இதழ் ஃபாரம் கணக்கில் ஓடுகிறது. பெரிய தாளின் இருபுறமும் அச்சிட்டு மடித்தால் 16 பக்கமோ 8 பக்கமோ கிடைக்கும், அதுதான் ஒரு ஃபாரம். ஆகவே 64 பக்க இதழை 65 பக்கமாக்க வழியில்லை. ஒரு கட்டுரை அரைப் பக்கம் வளர்ந்தால் இன்னொன்று அரைப் பக்கம் இளைத்தாக வேண்டும். 900 சொல் கேட்ட இடத்தில் 1,500 சொல் கொடுத்துவிட்டு, ‘வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று எழுதுவது தாராள மனசுபோலத் தெரியும். உண்மையில் 600 சொல்லை வெட்டும் வேலையை அடுத்தவர் தலையில் கட்டுகிறார்கள். இணையப் பதிப்பில் தாள் கணக்கு இல்லைதான். ஆனால் வாசகரின் பொறுமைக்கும் ஒரு ஃபாரம் உண்டு.

இந்த இரண்டும் புரிந்த பிறகு மாணவரை இதழ் படிக்கச் சொல்லுங்கள். எழுதப்போகும் இதழின் 12 பிரதிகளை எடுத்துக்கொள்ளட்டும். மாத இதழென்றால் ஒரு வருடம் கிடைத்துவிடும். வார இதழென்றால் தொடர்ந்து எட்டும், போன வருடம் இதே பருவத்தில் வந்தவை நான்கும் இருந்தால் நல்லது. ஒரு தாளில் கட்டம் போட்டு ஒவ்வொரு பகுதிக்கும் எழுத வேண்டியவை: பகுதியின் பெயர், அது வரும் பக்கம், தோராயமான சொல்லளவு, எத்தனை பேரிடம் பேசியிருக்கிறார்கள், முதல் வரி காட்சியா தகவலா கேள்வியா. கடைசிக் கட்டம்தான் முக்கியம்: எழுதியவர் பெயர் ஆசிரியர் குழுப் பட்டியலில் இருக்கிறதா? அந்தப் பட்டியல் ஒவ்வொரு இதழிலும் ஏதோ ஒரு மூலையில் சின்ன எழுத்தில் இருக்கும். அதை யாரும் படிப்பதில்லை. 12 இதழிலும் ஒரு பகுதியை உள்ளே இருப்பவர்களே எழுதியிருந்தால் அந்தக் கதவைத் தட்டிப் பயனில்லை. பைலைனில், அதாவது எழுதியவர் பெயர் போடும் வரியில், மாறி மாறி வெளியாட்கள் பெயர் வருகிற பகுதி எதுவோ அதுதான் நுழைவாசல்.

மேகசின் என்ற சொல்லுக்குக் கிடங்கு என்றுதான் பழைய பொருள். 1731இல் லண்டனில் எட்வர்ட் கேவ் தொடங்கிய இதழ்தான் அந்தச் சொல்லை முதன்முதலில் தன் பெயரில் வைத்துக்கொண்டது. கிடங்கென்றால் அடுக்கடுக்காகத் தட்டுகள் இருக்கும், எந்தத் தட்டு அடிக்கடி காலியாகிறது என்று பார்ப்பவருக்குச் சரக்கு விற்கும். முன்பக்கங்களில் வரும் 150, 300 சொல் துணுக்குகளும், ஒரு பக்கப் பேட்டியும், பெட்டிச் செய்தியும் ஒவ்வொரு இதழுக்கும் புதிதாக வேண்டும். நடுப்பக்க நீள் கட்டுரையைப் பெரும்பாலும் ஏற்கெனவே பழகிய கைக்குத்தான் கொடுப்பார்கள். உங்கள் மாணவர்களோ எடுத்த எடுப்பிலேயே 4,000 சொல் கவர் ஸ்டோரி எழுத அனுமதி கேட்கிறார்கள். மூன்று துணுக்கு சுத்தமாகக் கொடுத்தவரை நாங்களே கூப்பிட்டுப் பெரிய வேலை கொடுப்போம் என்பது அவர்களுக்குத் தெரியாது.

இனி கடிதம். விஷயம் இங்கேதான் கெடுகிறது என்பதால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். வழக்கமாக வருவது இப்படி இருக்கும்:

‘மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, இன்றைய அவசர உலகில் முதியோர் தனிமையில் வாடுகிறார்கள். இச்சமூக அவலம் குறித்து விரிவான கட்டுரை எழுத விரும்புகிறேன். வாய்ப்பளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.’

இதில் பணிவு இருக்கிறது, கட்டுரை இல்லை. முதியோர் தனிமை என்பது தலைப்பு. தலைப்புக்கு ஆளும் கிடையாது, தேதியும் கிடையாது. அதே அக்கறை உள்ள ஒருவர் இப்படி எழுதுவதாக வைத்துக்கொள்வோம்:

‘ஒரு வங்கிக் கிளைக்குத் தினமும் காலையில் ஏழெட்டு முதியவர்கள் வருகிறார்கள். பலருக்கு அங்கே வேலை எதுவும் இல்லை. பேச ஆள் கிடைக்கும் என்று வருகிறார்கள். அந்தக் கிளையை டிசம்பரோடு மூடுகிறார்கள். ஒன்பது வருடமாக வரும் 78 வயதுப் பெண்மணி ஒருவரும், அங்கே வேலை பார்க்கும் காசாளரும் என்னிடம் பேச ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். காசாளர் பெயர் சொல்ல விரும்பவில்லை. மூடும் காரணத்தை வங்கியிடம் எழுத்தில் கேட்பேன், முதியோர் நல மருத்துவர் ஒருவரையும் பார்ப்பேன். உங்கள் ‘மனிதர்கள்’ பகுதிக்கு 900 சொல்லில், மூன்று வாரத்தில் தர முடியும். கிளைக்குள் படம் எடுக்க இன்னும் அனுமதி வாங்கவில்லை. கிடைக்காவிட்டால் வாசலில் எடுக்கலாம்.’

இரண்டாவது கடிதத்தில் ஆட்கள் இருக்கிறார்கள், ஒரு மாற்றம் நடக்கப் போகிறது, அதற்குக் கெடு இருக்கிறது. எந்தப் பகுதிக்கு, எத்தனை சொல், எப்போது என்பதும் இருக்கிறது. இதையெல்லாம்விட எங்களுக்குப் பிடித்தது கையில் இல்லாததைச் சொன்னதுதான்: காசாளர் பெயர் வராது, படத்துக்கு அனுமதி இன்னும் இல்லை. இதை முதலிலேயே சொல்கிறவர் பிறகும் மறைக்க மாட்டார் என்று நம்பலாம். இதன் கீழே தான் யார், முன்பு எங்கே எழுதியிருக்கிறார் என்று இரண்டு வரி போதும். வெளியானவற்றில் சிறந்த மூன்றைப் பிடிஎஃப்பாக இணைக்கலாம். வெறும் இணைப்புச் சுட்டிகள் சில வருடத்தில் செத்துவிடும். எதுவும் வெளியாகவில்லையென்றால் கல்லூரி இதழில் எழுதியது போதும். அதற்காக வெட்கப்பட்டு அரைப் பக்கம் விளக்கம் எழுத வேண்டியதில்லை.

ஒரு கடிதத்துக்கு ஒரு ஐடியா. நீளம் 300 சொல்லுக்குள். ‘ஆசிரியர்’ என்று பொத்தாம்பொதுவாக அனுப்பாமல் அந்தப் பகுதியைப் பார்க்கும் உதவி ஆசிரியரின் பெயரைக் கண்டுபிடித்து, எழுத்துப் பிழையில்லாமல் எழுதி அனுப்ப வேண்டும். 11 இதழ்களின் முகவரிகளையும் ஒரே வரிசையில் போட்டு அனுப்புகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அந்தப் பட்டியலைப் பார்த்தவுடன், மற்ற பத்துப் பேர் கவனிக்கட்டும் என்று பதினொரு பேருமே விட்டுவிடுவோம். பதில் வராவிட்டால் மாத இதழுக்கு இரண்டு வாரம் கழித்து இரண்டே வரியில் நினைவூட்டலாம். நாள் கடந்தால் கெட்டுப்போகும் ஐடியா என்றால் மூன்று நாள் போதும். அதற்கும் பதில் இல்லையென்றால், வேறு இதழுக்குக் கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு நகர வேண்டியதுதான். கிணற்றில் போட்ட கல்லாக இருந்துவிடுவது எங்கள் பக்கத்துக் குற்றம். அதை ஒப்புக்கொள்கிறோம்.

சரி என்று பதில் வந்தால் மாணவர்கள் சந்தோஷத்தில் எதையும் கேட்பதில்லை. கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்ற பயம். வேலை தொடங்கும் முன்பே மின்னஞ்சலில் கேட்டு வாங்க வேண்டியவை இவை: சொல்லளவு, கெடு தேதி, தொகை, அது கட்டுரையை ஏற்றவுடன் வருமா வெளியான பிறகா, பயணச் செலவு யார் கணக்கு, படம் யார் பொறுப்பு. கேட்டு எழுதவைத்த கட்டுரை வெளியாகாமல் போனால் ஒரு பங்கு கிடைக்குமா என்பதையும் கேட்க வேண்டும். கால் பங்கிலிருந்து பாதிவரை என்று ஒப்பந்தங்களில் பரவலாக இருப்பதுதான் இது, யாரும் தரும் சலுகை கிடையாது. பிறகு உரிமை. முதல் வெளியீட்டு உரிமையை மட்டும் தருவது ஒன்று. எல்லா உரிமையையும் எழுதிக் கொடுப்பது வேறு. இரண்டாவதில் கையெழுத்துப் போட்டவர் தன் கட்டுரையைத் தானே பின்னால் தொகுப்பில் சேர்க்க முடியாமல் திண்டாடுவார். ஒரு வகுப்பு முழுக்க ஒரு மாதிரி ஒப்பந்தத்தை வரி வரியாகப் படித்தால் இது புரிந்துவிடும்.

தகவல் திரட்டுவதைப் பற்றி நீங்கள் கற்பிக்கிறீர்கள். எங்களுக்கு வந்து சேரும்போது ஓட்டை விழுகிற இடங்களை மட்டும் சொல்கிறோம். பெயரைக் காதால் கேட்டு எழுதுகிறார்கள். நோட்டை நீட்டி, ‘உங்கள் பெயரை நீங்களே எழுதிக் கொடுங்கள்’ என்று சொன்னால் தகராறே இல்லை. வயதைக் கேட்கிறார்கள், பிறந்த தேதியைக் கேட்பது நல்லது, மூன்று மாதம் கழித்து இதழ் வரும்போது வயது மாறியிருக்கும். ‘பெயர் வேண்டாம்’ என்ற பேச்சைப் பேட்டி தொடங்கும் முன் முடிக்க வேண்டும். பேசி முடித்த பிறகு எது பெயரோடு, எது பெயரில்லாமல் என்று பிரிப்பதற்குள் இரு தரப்புக்கும் மனக்கசப்பு வந்துவிடும். 10 சதவீதம் 15 ஆனால் அது 5 சதவீதப் புள்ளி உயர்வு, கணக்குப்படி 50 சதவீத உயர்வு. இரண்டையும் குழப்பாத கட்டுரை அபூர்வம். ஒரு மணி நேரப் பதிவைக் கையால் எழுத்தாக்க நான்கு மணி நேரம்வரை பிடிக்கும் என்று கெடு போடும்போதே கணக்கில் வைக்க வேண்டும். இப்போது மென்பொருள் அதைச் சில நிமிடத்தில் செய்கிறது. ஆனால் அது தடுமாறுவது பெயர்களிலும் எண்களிலும்தான், அதாவது நாம் தவறவே கூடாத இடங்களில். மேற்கோளாகப் போடப்போகும் ஒவ்வொரு வரியையும் ஒலியோடு ஒப்பிட்டாக வேண்டும்.

கட்டுரை அமைப்பில் ஒன்றே ஒன்று. முக்கியமானதை மேலே வைத்துக் கீழே போகப் போகக் குறைக்கும் தலைகீழ்ப் பிரமிடு செய்திக்கு வசதி; இடம் போதாவிட்டால் கடைசிப் பத்தியை எடுத்துவிடலாம். இதழ்க் கட்டுரையில் கடைசிப் பத்திதான் வாசகர் கையோடு கொண்டுபோவது. அதனால் வெட்டுவதும் நடுவிலிருந்துதான். காட்சியோடு தொடங்கினால், மூன்றாவது நான்காவது பத்திக்குள் இந்தக் கட்டுரை எதைப் பற்றி, ஏன் இப்போது என்று ஒரு பத்தி சொல்லியாக வேண்டும். வங்கிக் கிளைக் கட்டுரை காலை வெயிலையும் கண்ணாடிக் கதவையும் ஒரு பக்கம் வர்ணித்துவிட்டு, கிளை மூடப்படும் செய்தியைக் கடைசியில் வைத்தால் அதை யாரும் எட்டமாட்டார்கள்.

எழுதிய பிறகு வரும் வேலைக்கு வருவோம். கட்டுரையோடு ஆதாரப் பிரதி என்று ஒன்று வேண்டும். அதே கட்டுரைதான், ஒவ்வொரு பெயர், எண், தேதி, மேற்கோளின் பக்கத்திலும் அது எங்கிருந்து வந்தது என்ற குறிப்பு இருக்கும். அந்தக் கட்டுரையில் இப்படி ஒரு வாக்கியம் வருகிறதென்று வைப்போம்: ‘78 வயதான அவர் ஒன்பது வருடமாக வாரத்தில் ஐந்து நாளும் காலை 9 மணிக்கு இங்கே வருகிறார், ஐந்து வருடத்தில் இந்த நகரத்தில் மூடப்படும் நான்காவது கிளை இது.’ படிக்க ஒரு வாக்கியம், சரிபார்க்க ஐந்து இடம். 78 என்பது பேட்டி நாளிலா, இதழ் வெளியாகும் நாளிலா? ஒன்பது வருடம் என்பது அவர் சொன்னது மட்டுமா, காசாளரும் சொன்னாரா? வாரத்தில் ஐந்து நாளும் வருகிறார் என்று யார் பார்த்தது? 9 மணி என்கிறோம், கிளை 10 மணிக்குத்தானே திறக்கிறது. அப்படியானால் அவர் ஒரு மணி நேரம் வாசலில் நிற்கிறாரா? நின்றால், கட்டுரையின் மிக நல்ல காட்சி அதுதான், அதை எழுதாமல் விட்டிருக்கிறோம். நான்காவது கிளை என்பது அந்த ஒரு வங்கியின் கிளையா, எல்லா வங்கிகளையும் சேர்த்தா? சரிபார்ப்பு என்றால் பிழை பிடிக்கும் சலிப்பான வேலை என்று மாணவர்கள் நினைக்கிறார்கள். விட்டுப்போன செய்தி அகப்படுவதும் அங்கேதான்.

பெரிய இதழ்கள் இதை அடிபட்டுத்தான் கற்றன. ‘தி நியூ யார்க்கர்’ இதழின் தகவல் சரிபார்ப்பு முறை, 1927இல் ஒரு கவிஞரைப் பற்றிய கட்டுரை பிழைகளோடு வெளியாகிச் சிக்கலான பிறகு உருவானது. ‘ரோலிங் ஸ்டோன்’ 2014 நவம்பரில் வெளியிட்ட பல்கலைக்கழகப் பாலியல் வன்முறைக் கட்டுரையை 2015 ஏப்ரலில் திரும்பப் பெற்றது. கொலம்பியா இதழியல் பள்ளி ஆராய்ந்து சொன்ன குறைகளில் முக்கியமானவை, ஒருவர் சொன்னதையே நம்பி மற்றவர்களைத் தேடிப் பேசாமல் விட்டதும், எதிர்த்தரப்புக்குப் பதில் சொல்லப் போதிய விவரம் தராததும்தான். ஜெர்மனியின் ‘டெர் ஷ்பீகல்’ விவகாரம் இன்னும் கடுமையானது. பெரிய சரிபார்ப்புத் துறையை வைத்திருந்த இதழ் அது. அதன் நிருபர் கிளாஸ் ரெலோடியஸ் ஆட்களையும் காட்சிகளையும் இட்டுக்கட்டியதை, சக நிருபர் ஹுவான் மொரேனோ விடாமல் துருவிக் கண்டுபிடித்தார். 2018 டிசம்பரில் இதழே அதை வெளியிட்டது. ஆவணத்தில் இருப்பதைச் சரிபார்ப்பவர் பார்த்துவிடலாம். நிருபர் தனியாகப் போய்ப் பார்த்ததை, கேட்டதை அவர் நம்பத்தான் வேண்டியிருக்கிறது. அதனால்தான் ஒலிப்பதிவு, நோட்டு, இடத்தில் எடுத்த படம், பேசியவரின் தொலைபேசி எண் எல்லாவற்றையும் எடுத்து வைக்கச் சொல்கிறோம். புதியவரைச் சந்தேகப்படுவதாக நினைக்க வேண்டாம். நாளை யாராவது மறுத்தால் அவரைக் காப்பாற்றப்போவது அந்த நோட்டுதான்.

படம், தட்டச்சு போன்றவை சின்ன விஷயங்கள், ஆனால் இதழ் முடிக்கும் இரவில் கழுத்தைப் பிடிப்பவை. அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டும். 21 செ.மீ. அகலம், 28 செ.மீ. உயரமுள்ள முழுப் பக்கப் படத்துக்கு, வெட்டு விளிம்புக்கு நான்கு பக்கமும் 3 மி.மீ. சேர்த்தால், சுமார் 2,550க்கு 3,380 பிக்சல். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கித்தான் வந்து சேரும். ஆவணமாக அனுப்பினால் அசல் அப்படியே வரும். படவிளக்கத்தில் இடமிருந்து வலமாகப் பெயர், எடுத்தவர் பெயர், எடுத்த தேதி. கட்டுரை யூனிகோடில் இருக்க வேண்டும். பழைய எழுத்துருவில் அடித்து அனுப்பினால் திறக்கும் கணினியில் எல்லாம் கோழி கிளறியதுபோலக் கிடக்கும். கட்டுரைக்குள் ஒரே ஆளின் பெயரை மூன்று விதமாக எழுதக் கூடாது.

உள்ளே வேலைக்குச் சேர்பவருக்கு முதல் வருடம் பைலைன் அதிகம் கிடைக்காது என்பதையும் சொல்லி அனுப்புங்கள். புரூஃப் பார்ப்பது, பெட்டிச் செய்தி எழுதுவது, மற்றவர் கட்டுரைக்குத் தலைப்பு வைப்பது, பொருளடக்கத்தையும் உள்ளே இருக்கும் பக்க எண்ணையும் ஒத்துப் பார்ப்பது என்று போகும். கடைசி நேரத்தில் தலைப்பை மாற்றிவிட்டுப் பொருளடக்கத்தில் பழைய தலைப்பையே விட்டுவிடுவது, இரண்டு படத்தின் விளக்கம் இடம் மாறுவது, அட்டையில் 34ஆம் பக்கம் என்று போட்ட கட்டுரை 36இல் தொடங்குவது எல்லாம் அடிக்கடி நடக்கும் விபத்துகள். திரையில் எத்தனை முறை பார்த்தாலும் கண்ணுக்குப் படாதது, தாளில் எடுத்து ஒருவர் உரக்கப் படிக்க இன்னொருவர் சரிபார்த்தால் அகப்படும்.

நாங்கள் கேட்பது ஒரு பருவத்தின் ஒரு தாள்தான். இறுதியாண்டில் 5,000 சொல் கட்டுரை ஒன்றை எழுதச் சொல்லி மதிப்பெண் போடுவதை நிறுத்திவிட்டு, அதே காலத்தில் வேறு நான்கைச் செய்ய வைக்கலாம். 12 இதழ் ஆய்வு ஒன்று. மூன்று வெவ்வேறு இதழ்களுக்கு ஆறு ஐடியா கடிதங்கள். 300 சொல்லில் ஒரு துணுக்கு. 1,200 சொல்லில் ஒரு கட்டுரை, ஆதாரப் பிரதியோடு. அந்தக் கட்டுரையை வேறொரு மாணவர் சரிபார்க்கட்டும். பேசியவர்களுக்குத் தொலைபேசி செய்து கேட்கட்டும். பிறகு எழுதியவரே அதை 800 சொல்லாகக் குறைத்து, எதை எடுத்தேன், ஏன் எடுத்தேன் என்று ஒரு பக்கம் எழுதட்டும். மதிப்பெண்ணில் பாதியாவது ஆதாரப் பிரதிக்கும் வெட்டியதற்கும் போக வேண்டும். நடைக்கு மட்டுமே மதிப்பெண் கொடுக்கும்வரை மாணவர் நடையைத்தான் மெருகேற்றிக்கொண்டிருப்பார்.

பயிற்சிக்கு அனுப்பும்போதும் ஒரு வேண்டுகோள். இரண்டு வாரத்துக்கு அனுப்பினால் மாத இதழில் ஒரு பிரதியின் பாதி வேலையைத்தான் பார்க்க முடியும். ஐடியா கூட்டத்தில் உட்கார்ந்தவர் லே-அவுட்டைப் பார்க்காமலே திரும்பிவிடுவார், லே-அவுட் நேரத்தில் வந்தவருக்கு அந்தக் கட்டுரை எங்கே தொடங்கியது என்றே தெரியாது. குறைந்தது ஆறு வாரம் கொடுங்கள். வரும் நாளை உங்கள் தேர்வு அட்டவணையைப் பார்த்து முடிவு செய்யாமல், அந்த இதழின் ஐடியா கூட்டம் எந்த வாரம் என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாணவர்களின் கடிதங்களைத் திறந்து படிப்பவர்கள்